பாதி வருஷத்துப் பிள்ளைகள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வாசலில் நாலைந்து புதுப் பிள்ளைகள் நிற்பார்கள். கூடவே சூளையிலிருந்து ஒரு மேஸ்திரி. பிள்ளைகள் கையில் பை கிடையாது. மூத்தவள் இடுப்பில் மட்டும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும். "ஒடிசா பசங்க டீச்சர். வைகாசி வரைக்கும் இங்கதான் இருப்பாங்க, சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் ஒவ்வொருவராகப் பெயர் கேட்பேன். அவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் இருக்கும் கரும்பலகையைப் பார்ப்பார்கள். ஒடியா எழுத்து ஓலையில் எழுதிப் பழகி உருண்ட எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் நம் எழுத்தும் அவர்களுக்குத் தெரிந்த எழுத்து மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் ஒன்றும் பிடிபடாது. அந்த ஏமாற்றத்தை முகத்திலேயே பார்க்கலாம்.

மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம் ஜூனில் ஒரு தடவை திறக்கும். எங்கள் பக்கம் தையில் இன்னொரு தடவை திறக்கும். கார்த்திகை மழை ஓய்ந்து, பச்சைக் கல் காய வெயில் கிடைத்தால்தான் பெரியபாளையம், வெங்கல், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா, பர்கட் மாவட்டங்களில் அதற்குள் ஒரு போக விளைச்சல் முடிந்து கை காய்ந்துபோயிருக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ரயிலேறுவார்கள். சூளையில் ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளம் கிடையாது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் வேலைக்கு வரும். அடுத்த மழைக்குள் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

2010-இல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் எட்டு வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அதற்குப் பிறகு இந்தச் சூளைப் பக்கம், ஈராசிரியர் பள்ளி. இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் ஒன்றுதான். ஜூனில் நான் பெயர் கூப்பிட்ட பிள்ளைகளும் ஏப்ரலில் கூப்பிட்ட பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள் இல்லை. சிப்காட்டில் அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்தால் பீகார்ப் பிள்ளையும் ஜார்க்கண்ட் பிள்ளையும் சொல்லாமல் கிளம்பிவிடும். இருளர் குடும்பங்கள் மரம் வெட்டவும் அரிசி ஆலைக்கும் வேலை இருக்கிற இடத்துக்குப் போய்விடும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் எல்லை ஊரான ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் இங்குமாக இருப்பார்கள். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் பாதி வருஷத்துக்குப் பாடம் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் போகப்போகிற பிள்ளைக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்பதுதான் என் வேலையில் முக்கால் பங்கு. இது எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆனது.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை வருஷா வருஷம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். ஆகஸ்ட் 1 அன்று என் சூளைப் பிள்ளைகள் பலாங்கீரில் இருப்பார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதியும் அங்கேதான். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள் என்பதால் ஆசிரியர் தினம் எங்கள் மாவட்டத்துக்குச் சொந்தத் திருவிழா மாதிரி. அன்றைக்கு ரோஜாப் பூவும் இரண்டு ரூபாய்ப் பேனாவுமாக வருகிற பிள்ளைகளில் சூளைப் பிள்ளை ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் இருந்ததில்லை.

2018 ஜூனில் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானை இடமாறுதலில் போகவிடாமல் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுத படம் நாடு முழுக்கப் பரவியது. எல்லாரும் அதைப் பாசத்தின் கதையாகப் படித்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அதன் பின்னால் இருந்த கணக்கையும் சேர்த்துப் படித்தோம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆசிரியர் இருப்பதாகக் கணக்கு வந்ததால் போட்ட மாறுதல் அது. பிள்ளைகளும் பெற்றோரும் மறித்ததால் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். என் பள்ளிக்கு அப்படி ஒரு மாறுதல் வந்தால் சூளைப் பிள்ளைகளால் யாரையும் மறிக்க முடியாது. கணக்கெடுக்கிற நாளில் அவர்கள் ஊரிலேயே இல்லை.

பாணி

சூளைப் பள்ளியில் எனக்கு முதல் தை. வந்தவர்களில் எட்டு வயதுப் பையன் ஒருவன். மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தேன். பிள்ளைகள் சீக்கிரம் தமிழ் பேச வேண்டும் என்ற ஆசையில் வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தேன். எது வேண்டுமென்றாலும் முழு வாக்கியமாகத் தமிழில் கேட்க வேண்டும். அந்தப் பையன் எழுந்து வந்து "பாணி" என்றான். தண்ணீர் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். "தண்ணீர் குடிக்கப் போகட்டுமா டீச்சர்னு சொல்லு" என்றேன். மறுபடியும் "பாணி". நான் மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது தடவையும் "பாணி" என்றான், குரல் இறங்கிப்போயிருந்தது. பிறகு ஒன்றும் கேட்காமல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சனிக்கிழமை சூளைக்குப் போனேன். அப்பா மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். அம்மா அச்சில் கல் அறுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். பையன் முதல் நாள் அறுத்த கற்களைத் திருப்பி விலாவாக்கில் நிறுத்திக்கொண்டிருந்தான். நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் விரல் கடை இடைவெளி. என்னைப் பார்த்ததும் கை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். ஏக், துயி, தினி, சாரி, பாஞ்ச். நூறு ஆனதும் ஈர மண்ணில் குச்சியால் ஒரு கோடு போட்டான். பத்துக் கோடு சேர்ந்ததும் அத்தனையையும் அழித்துவிட்டுத் தள்ளி ஒரு வட்டம் போட்டான். அது ஆயிரம். அம்மாவிடம் ஏதோ சொன்னான், அம்மா தலையாட்டினார்.

என் வகுப்பில் ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் இருக்கும் உறவை அந்த வாரம் முழுக்க ஈர்க்குச்சிக் கட்டுகளை வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. இடமதிப்பு முழுசாகத் தெரிந்த ஒரே பையனைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் நான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்பது அங்குலம்

திங்கட்கிழமை அவன் வந்தான், நான் கேட்டுக்கொண்டதால் அவன் அப்பாவே கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு வகுப்பில் இரண்டு கல் வைத்திருந்தேன். ஒன்று சுட்டது, ஒன்று காய்ந்த பச்சைக் கல். இரண்டும் ஒரே அச்சில் அறுத்தவை. "எது பெருசு?" என்று கேட்டேன். ஒரே அச்சு என்றால் ஒரே அளவுதானே என்று உள்ளூர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். அவன் எழுந்து வந்து இரண்டு கைகளையும் அகலமாக வைத்துக் காட்டி, பிறகு நெருக்கிக் காட்டினான். நெருப்பில் போனால் சுருங்கும். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தோம். அவன் சொன்னதுதான் சரி.

சுட்ட கல்லின் நீளம் ஏறக்குறைய ஒன்பது அங்குலம். நாலு கல்லை நீளவாக்கில் வைத்தால் மூன்று அடி. அந்த வாரம் வகுப்பறையின் நீளத்தையும் அகலத்தையும், வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரையும் கல்லால் அளந்தோம். நேரில் அளக்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு ஊகம் சொல்ல வேண்டும். எழுதிவைத்துக்கொண்டு, அளந்து, வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தல் கணக்கைப் புத்தகத்தில் கொடுத்தால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் தன் ஊகம் எத்தனை கல் தப்பிப்போனது என்று தெரிந்துகொள்ள அடித்துப்பிடித்துக் கழித்தார்கள். சூளைப் பையனின் ஊகம்தான் பெரும்பாலும் கிட்டத்தில் வரும். இரண்டு வாரத்தில் "டீச்சர், அவன் எங்க குரூப்புல இருக்கட்டும்" என்று சண்டை. அவன் அதற்குள் "தண்ணி" என்று சொல்லக் கற்றிருந்தான், யாரும் சொல்லச்சொல்லாமலே.

இதை எழுதும்போதே ஒரு பயமும் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கல் அடுக்குவதை அறிவு என்று சொல்லி மெச்சிவிட்டு வேலையை நியாயப்படுத்திவிடக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலும் அதிலேயே இருக்கிறது. சூளை அந்தக் குடும்பத்தின் தொழில் இல்லை. ஆயிரம் கல்லுக்கு என்று கூலி பேசியதால் அப்படித் தோற்றம் தருகிறது, அவ்வளவுதான். விடியற்காலை நாலு மணிக்குக் கல் திருப்பிவிட்டு வந்த பிள்ளை பத்தரை மணிக்கு மேசையில் தலை வைத்துத் தூங்கினால் நான் எழுப்புவதில்லை.

பெயர் கூப்பிடும் நேரம்

"உள்ளேன் டீச்சர்" என்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. பெயர் கூப்பிட்டால் ஒரு சொல் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாப்பிடுகிற பொருள், செவ்வாய்க்கிழமை வரும் வழியில் பார்த்தது, புதன்கிழமை வீட்டில் இருப்பது, இப்படி. அவரவர் மொழியில் சொல்லலாம். அதைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதுவேன், பக்கத்தில் தமிழ்ச் சொல். புதுப் பிள்ளைக்கு முதல் நாளே வாய் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை வீண் என்று சொன்ன அதிகாரிகளும் உண்டு, உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தானும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அந்தப் பையனுக்குப் பிறகு தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. தண்ணி, நீள்ளு, பாணி, பானி, ஜல். எதைச் சொன்னாலும் போய்க் குடிக்கலாம்.

தமிழ் பேசும் பிள்ளைக்கும் இது தேவைப்பட்டது உண்டு. கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021-இல் அரசு அதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. சிப்காட் பள்ளியில் இருந்தபோது அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், அவ என்னோட கதைக்க மாட்டேங்கிறா" என்றாள். கதை சொல்ல மாட்டேன் என்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்து இன்னொருத்தியிடம் "இவளுக்கு ஒரு கதை சொல்லும்மா" என்றேன். பாட்டியின் வாயிலிருந்து வந்த சொல் அது. பேச மாட்டேன் என்கிறாள் என்பதுதான் அவள் புகார். மறுநாள் பெயர் கூப்பிடும்போது 'கதைத்தல்' பலகைக்கு வந்தது. அதன்பிறகு வகுப்பு முழுக்க ஒருவரோடு ஒருவர் கதைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பொங்கல் என்ற முதல் சொல்

படிக்கக் கற்றுக்கொடுக்க எனக்குக் கிடைத்த நல்ல கருவிகளில் ஒன்று சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கரும்பலகை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மறுவருஷம் காமராஜர் பிறந்தநாளில், எங்கள் மாவட்டத்துக் கீழச்சேரியில் தொடங்கிவைத்து, கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. காலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் அன்றைய உணவைப் பலகையில் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசனை வரும் முன்னே அதைப் படித்துவிடப் பார்ப்பார்கள். ஒடிசாப் பிள்ளைகள் பலருக்கு அடையாளம் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் 'பொங்கல்'. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தை முதலில் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். புதன்கிழமைப் பொங்கல் பசிக்கு அந்த வரிசை தெரியாது.

காலை உணவு வந்த பிறகு சூளைப் பிள்ளைகளின் வருகை கூடியது என்பது என் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிறது. இடுப்பில் வருகிற குழந்தைக்கும் அக்காவின் தட்டிலிருந்து ஒரு வாய் போகும். அதை யாரும் தடுப்பதில்லை.

ஏணிப்படி

நான் வேலைக்கு வந்தபோது செயல்வழிக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் சென்னையில் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறைதான் அதற்கு வித்து. பாடம் அட்டைகளாக இருக்கும். பிள்ளை தன் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறும். நேற்று வராதவன் நேற்று விட்ட இடத்திலேயே இன்றைக்குத் தொடங்கலாம். சுவரில் தரையோடு ஒட்டிய கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். தையில் வந்து வைகாசியில் போகிற பிள்ளைக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது அந்த முறை. குறைகள் உண்டு, அட்டை தேய்ந்தால் புது அட்டை வராது, ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள் என்றால் யார் எந்தப் படியில் என்று மூச்சு முட்டும். ஆனாலும் அதை இன்னும் கொஞ்ச காலம் திருத்தித் திருத்தி வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிப்பதில் பழைய ஏணியின் நிழல் இருக்கிறது. எனக்கு அது போதும். 'பாணி' கேட்ட சூளைப் பையன் இப்போது வந்திருந்தால் தமிழில் அரும்பு, கணக்கில் மலர். வகுப்பு எண்ணை மட்டும் பார்த்தால் அவனை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாது.

பழைய செயல்வழிக் கற்றலில் தினமும் பிள்ளைகளே நிரப்பும் காலநிலை அட்டவணை ஒன்று உண்டு. வெயில், மேகம், மழை, காற்று என்று படம் இருக்கும், அன்றைக்கு எதுவோ அதைக் குறிக்க வேண்டும். சிப்காட் பள்ளியில் ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பெண் எந்தப் படத்தையும் தொடாமல் ஓரத்தில் கரிக்கோலால் கறுப்பாக ஒரு சுருள் வரைந்துவிட்டு வந்தாள். இரும்பு உருக்கும் உலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து இரவில் காற்றடித்தால் காலையில் பெஞ்சில் விரலால் பெயர் எழுதலாம். அதைத்தான் குறித்திருந்தாள். அன்றிலிருந்து எங்கள் அட்டவணையில் ஐந்தாவதாகப் புகை. மாதக் கடைசியில் எத்தனை வெயில், எத்தனை மழை, எத்தனை புகை என்று எண்ணிக் கட்டப்படம் போடுவோம். அந்தக் காகிதங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் இன்னொரு பாடப்புத்தகம் சாலை. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை கூப்பிடு தூரத்தில். லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்து வரச் சொல்வேன். டி.என். 20 நம் மாவட்டம், ஏ.பி. எல்லைக்கு அந்தப்பக்கம், ஓ.டி. ஒடிசா, டபிள்யூ.பி. மேற்கு வங்கம். நாலு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். வரைபடத்தில் அந்த மாநிலத்தைத் தொட வேண்டும். ஒரு நாள் பி.ஆர். என்று ஒருவன் எழுதி வந்தான். கடைசி பெஞ்சில் அதுவரை பேசாத பையன் எழுந்து, "எங்க ஊரு டீச்சர்" என்றான். வரைபடத்தில் கங்கையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். மணி அடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

ரயிலில் திருத்தும் நோட்டு

திருவொற்றியூரில் ஏறினால் கவரைப்பேட்டை வரைக்கும் எங்கள் பெட்டி ஆசிரியர்கள் பெட்டி. மீஞ்சூர் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். அப்போது நோட்டு திருத்துவோம். முன்பெல்லாம் அது மட்டும்தான். இப்போது இறங்கிப் பள்ளிக்குப் போனதும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் வருகை, செயலியில் மதிப்பீடு, சீருடை வந்ததா, காலணி அளவு என்ன, எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டும். கூட இருக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் என் ஒருத்தி கையில். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் இரண்டு பேரும் தெருத்தெருவாக.

சம்பளத்தில் எங்களுக்குள் ஒரு கோடு இருக்கிறது. 2009 ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள், அன்றைக்கும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு. அதற்காக உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்தவர்கள் என் கூடப் பயணம் செய்கிறவர்கள். இப்போது இன்னொன்று. பணி ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் தகுதித் தேர்வில் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் பெட்டியில் நோட்டு திருத்தியவர்கள் வழிகாட்டிப் புத்தகம் படிக்கிறார்கள், நானும்தான். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதியில் தாய்மொழியைப் பாலமாக வைத்துக் கற்பிப்பது பற்றி ஒரு கேள்வி இருந்தது. நாலு விடைகளில் சரியானதைக் குறிக்கும்போது 'பாணி' கேட்ட பையனின் முகம்தான் வந்தது.

போகும்போது ஒரு நோட்டு

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமை என்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே கொடுக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்து வகுப்பு நடத்தியதும் உண்டு. அது நல்ல முயற்சி. வேறு மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

விட்டுப்போவது நடுவில் இருக்கும் தூரம். எமிஸ் எண் தமிழ்நாட்டுக்குள் எந்தப் பள்ளிக்கும் பிள்ளையோடு போகும், ஒடிசாவுக்குப் போகாது. இங்கே அவன் என்ன கற்றான் என்று அங்கே இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாது. அங்கே எதில் நின்றான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறோம். மகாராஷ்டிராவில் கரும்பு வெட்டப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உறுதி அட்டை என்று ஒன்று கொடுக்கிறார்கள், போகிற ஊரில் அதைக் காட்டி வகுப்பில் உட்காரலாம். அமெரிக்காவில் பண்ணை பண்ணையாகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு 1960-களிலேயே தனித் திட்டம் போட்டு, படிப்பு விவரம் மாநிலம் விட்டு மாநிலம் போக ஏற்பாடு செய்துவிட்டார்கள். தமிழ்நாடும் ஒடிசாவும் நினைத்தால் ஒரே ஒரு தாளை இரண்டு மொழியில் அச்சடித்துவிட முடியும். கூடவே இன்னொன்று, பிள்ளைகளை ஆகஸ்ட் 1-இல் எண்ணுவதோடு பிப்ரவரி 1-லும் ஒரு தடவை எண்ணுங்கள். சூளைப் பகுதிப் பள்ளிகளுக்கு அந்த நாலு மாதத்துக்கு மட்டும் ஒரு ஆளைக் கூடுதலாகக் கொடுங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

2020 மார்ச்சில் பள்ளியைச் சட்டென்று மூடினார்கள். சூளைப் பிள்ளைகள் வெயிலில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், பிறகு சிறப்பு ரயில்களில் போய்விட்டார்கள். யாரிடமும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மேசையில் அவர்களுடைய நோட்டுகள் அப்படியே கிடந்தன. 2022 பிப்ரவரியில் மறுபடி பள்ளி திறந்து மறுபடி சூளைப் பிள்ளைகள் வந்தபோது ஒரு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையே வரைந்த தன் படம், பெயர் தமிழிலும் ஒடியாவிலும். எண் எதுவரை தெரியும், கூட்டல் கழித்தல் எதில் தடுமாறுகிறான், எந்த எழுத்துகள் தெரியும், எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பான். கடைசிப் பக்கம் மட்டும் காலி. அதன் மேலே 'இந்தப் பிள்ளையை அடுத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு' என்று ஒடியாவில் ஒரு வரி. செல்போனில் மொழிபெயர்த்து, எழுத்தைப் படம் வரைவது போலப் பார்த்துப் பார்த்து எழுதுவேன். ஐந்தாம் வகுப்புப் பெண் பக்கத்தில் நின்று, சுழி எங்கே தப்பாகப் போகிறது என்று காட்டுவாள். வைகாசியில் ஊருக்குப் போகும்போது துணி மூட்டைக்குள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு போவார்கள். எத்தனை நோட்டு ஊர் போய்ச் சேர்ந்தது, எத்தனை அடுப்புக்குள் போனது என்று தெரியாது. ஆனாலும் வருஷா வருஷம் எழுதுகிறேன். திரும்பி வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு சூளைக்குப் போய்விடுவார்கள்.

போன தையில் வாசலில் நின்றவர்களில் ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரிந்தது. முந்தின வருஷம் இரண்டாம் வகுப்பில் இருந்தவள், இப்போது மூன்று. இந்தத் தடவை அவள் இடுப்பில் தம்பி இருந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் நோட்டு. ஓரம் எல்லாம் சுருண்டு, அட்டையில் மஞ்சள் கறை. கடைசிப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். நீல மையில் ஐந்து வரி இருந்தது. உருண்டையான, பழகின கை. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. "படி" என்றேன்.

தம்பியை இறக்கிவிட்டுவிட்டு இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒடியாவில் படித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "டீச்சர்... நல்லா படிக்கிறா. கதை புடிக்கும். கடன் வாங்கிக் கழிக்கிறது வரல. அத சொல்லித் தாங்க."

பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, கட்டுப் பிரிக்க ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.